பெயர் கழன்ற பாட்டில்கள்

“அது என் பாட்டில்.”

“உன் பாட்டிலா? உன் பேர் இருந்துச்சா அதுல?”

“உங்க பேர் மட்டும் இருந்துச்சாக்கா?”

“எழுதத்தான்டி எழுதினேன். அதைத் தண்ணியில போட்டு ஊற வச்சது யாரு?”

“ஊறினா ரெண்டு பேரோடதும்தானே ஊறுச்சு, அப்புறம் எப்படி நீங்க மட்டும்—”

“நடுவுல பேசாதே. நான் பேசிட்டிருக்கேன்ல?”

“காலையிலேர்ந்து நீங்கதான் பேசிட்டிருக்கீங்க. எனக்கு நடு எங்கே கிடைச்சுது? ஓரத்துல நின்னு பேசிட்டிருக்கேன்.”

வாய்க்குக் கை சளைத்துவிடக் கூடாது என்பதுபோல இருவரும் பேசப்பேசப் பெர்ரிக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நன்றாகக் கறுத்த பழம் பெரிய தட்டுக்கு, சிவப்பு மாறாத அரைப்பழம் கிண்ணத்துக்கு, நசுங்கினது ஓரத்தில் விரித்த காகிதத்துக்கு. பின்சுவர் முழுக்கப் படர்ந்த முள்செடி அந்த வாரம்தான் மொத்தமாகப் பழுத்திருந்தது. பறித்த அடையாளமாக இருவருக்கும் முழங்கை வரை பூனை பிறாண்டினமாதிரி முள் கீறின கோடு.

அவர்கள் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் வாக்கப்பட்ட ஓரகத்திகள். ஒரே வீடு, கீழே பெரியவள், மாடியில் சின்னவள். பெரியவள் தையல்காரி. வாசல் அறையில் மெஷின் போட்டு, தெருவில் பாதிப்பேர் உடம்பளவை மனப்பாடமாக வைத்திருந்தாள். சின்னவள் பல் ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கழுவி, பொட்டலம் கட்டி, ஆவியில் வேகவைக்கிறவள். பல்லைப் பிடுங்கிய டாக்டரை எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பக்கத்தில் நின்ற நர்ஸுக்கும் ஒரு சிரிப்பு கிடைக்கும். பின்னறையில் குறடை வேகவைத்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது பல்லுக்கும் தெரியாது, பல்காரனுக்கும் தெரியாது.

இரண்டு பேருக்கும் நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் பெரியவளின் கணவர். தபால்காரர். அந்தச் சண்டையைத் தொடங்கி வைத்த புண்ணியவான் அவர்தான்.

“நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றார்.

“வேண்டாம்,” என்றார்கள் இருவரும். அன்று அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

போன வாரம் மழையில் மாட்டிக்கொண்டவரை முனைக்கடை ரொட்டிக்காரம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தபால் பைக்கு மேலே தன் மாவுத்துணியையும் போர்த்திவிட்டாள். அந்த நன்றிக்கு மறுநாள் அலமாரியிலிருந்து போன வருஷத்துப் பெர்ரி சாஸ் ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டார். யாருடையது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. மூன்றாம் நாள் ரொட்டிக்காரம்மா அவரை வழிமறித்தாள்.

“யாருங்க அண்ணே அதைச் செஞ்சது? கேக் மேல ஒரு கரண்டி விட்டேன். சாயங்காலம் பெட்டி காலி. செஞ்ச கையை நான் பார்க்கணும். சனிக்கிழமை நாலு மணிக்கு வர்றேன். கண்ணாடி அலமாரியில மேல்தட்டு முழுக்க இந்த சாஸ்தான் இனிமே. மேலே பலகையில செஞ்சவங்க பேரைப் பெரிசா எழுதி வைக்கப் போறேன்.”

இதைத்தான் அவர் வீட்டில் வந்து ஒப்பித்தார். அன்றிலிருந்து வீடு இரண்டுபட்டது. “விலாசம் பார்க்காம நான் கொடுத்த தபால் என் சர்வீஸ்லயே அது ஒண்ணுதான்,” என்று அவரே தலையில் அடித்துக்கொண்டார்.

பெரியவளுக்கு ஏற்கெனவே வாசலில் பலகை உண்டு. தெருவில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். சின்னவள் வந்து ஒன்பது வருஷம் ஆகியும் ‘டெய்லரம்மா வீட்டு மாடியில இருக்கிறவங்க’தான். கொரியர்காரன் அப்படித்தான் கூப்பிடுவான், கீரைக்காரியும் அப்படித்தான். அந்தப் பலகை அவளுக்கு வேண்டியிருந்தது. எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அவள் தன் கணவனிடம்கூடச் சொல்லவில்லை; சொன்னால் சிரிப்பானோ என்று பயம்.

சரி, பாட்டில் யாருடையது என்று செய்தவர்களுக்கே தெரியாமல் போனது எப்படி? அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதுவரை வருஷாவருஷம் ஒரே பாத்திரத்தில்தான் சாஸ் கிண்டினார்கள். போன வருஷம் சர்க்கரையில் சண்டை வந்தது. பழத்தோடு சர்க்கரையையும் முதலிலேயே போட்டுவிட வேண்டும் என்பாள் பெரியவள். பழம் வெந்து குழைந்து, வடிகட்டின பிறகுதான் சர்க்கரை என்பாள் சின்னவள். “அப்படின்னா உன் பானை உனக்கு, என் பானை எனக்கு” என்று முடிந்தது. பெரியவளுக்குப் பத்து பாட்டில் வந்தது, சின்னவளுக்கு ஒன்பது.

கிண்டுகிறது தனித்தனி என்றாலும், நிரப்பின பாட்டிலை மூடியோடு தண்ணீரில் முக்கிக் கொதிக்கவைக்க அந்த வீட்டில் ஒரே ஒரு பெரிய அண்டாதான். அங்கே சின்னவள் வைத்ததுதான் சட்டம். பாட்டிலும் சூடாக இருக்க வேண்டும், சாஸும் சூடாக இருக்க வேண்டும். கழுத்தில் கொஞ்சம் இடம் விட வேண்டும். வாயைச் சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். ஒரு விதை ஒட்டியிருந்தாலும் மூடி பிடிக்காது. மூடி முழுகும்படி தண்ணீர், அது தளதளவென்று கொதித்த பிறகுதான் நேரக் கணக்கு. எடுத்துத் துணிமேல் வைத்த பிறகு யாரும் தொடக் கூடாது. ஆறஆற மூடி ஒவ்வொன்றும் ‘டிக்’கென்று உள்வாங்கும். அந்தச் சத்தத்துக்காக அவள் தூளிப்பிள்ளை தூங்கும் வீட்டில் நடக்கிறமாதிரி நடப்பாள்.

இத்தனை சட்டத்தோடு இன்னொரு சட்டத்தையும் போன வருஷம் கொண்டுவந்தாள். “பேர் ஒட்டாதது உள்ளே போகக் கூடாதுக்கா. எங்க ஆஸ்பத்திரியில அப்படித்தான். வேகவைக்கிறதுக்கு முன்னாடியே ஒட்டிடணும், அப்பதான் மாறாது.” ஆஸ்பத்திரியில் ஒட்டுவது ஆவிக்கு அசையாத நாடா. வீட்டில் ஒட்டினது நோட்டுக் காகிதமும் பிள்ளைகள் பசையும். பத்து நிமிஷம் கழித்து அண்டாவின் மூடியைத் தூக்கினால், பத்தொன்பது லேபிளும் மேலே மிதந்து ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. தண்ணீர் நீலமாகிவிட்டது.

“தபால் பை ஆத்துல விழுந்தா இப்படித்தான் இருக்கும்,” என்றார் தபால்காரர்.

அதன்பிறகு வருஷம் பூரா ஒரே கூத்து. ஒரு பாட்டிலைத் திறந்து நன்றாக இருந்தால் “என்னுது”, சுமாராக இருந்தால் “உன்னுது”. ஒன்றுமட்டும் யாரும் மறுக்கமுடியாதபடி நின்றது. பதினோரு மாசத்தில் ஒரு மூடி உப்பவில்லை, ஒரு சொட்டு புளித்துப் பொங்கவில்லை. அந்தப் பெருமை சின்னவளுடையது. ஆனால் கெட்டுப்போகாமல் வைத்ததற்கு யார் பலகை வைப்பார்கள்? ருசிக்குத்தானே வைப்பார்கள்.

அவள் நெஞ்சில் வேறொரு விஷயமும் உட்கார்ந்திருந்தது. போன வருஷம் சாஸ் கிண்டின அன்றைக்கு அவள் பானை அடிப்பிடித்தது.

கொஞ்ச நேரம் அடுப்பைவிட்டு நகர்ந்தாள், அவ்வளவுதான். திரும்பி வந்தபோது வாசம் வந்துவிட்டது. வாசலறையிலிருந்து பெரியவள் குரல் கொடுத்தாள்: “என்னடி தீயுது?” சின்னவளுக்கு வாய் தானாகத் திறந்தது. “இங்கே ஒண்ணும் இல்லக்கா. உங்க இஸ்திரிப்பெட்டியைப் பாருங்க.” சொல்லிவிட்டு, அடியைச் சுரண்டாமல் மேலாக ஏழு பாட்டிலை நிரப்பினாள். அடியோடு ஒட்டி மிஞ்சினதுதான் கடைசி இரண்டு பாட்டில். அந்த இரண்டையும் அடையாளம் வைத்துத் தனியே எடுத்துவிடலாம் என்றிருந்தாள். லேபிள் கழன்றதில் அந்த அடையாளமும் போயிற்று. அன்று முதல் எந்த மூடியைத் திறந்தாலும் அவளுக்கு மூச்சு நின்று வரும். பதினைந்து பாட்டில் திறந்தாயிற்று, ஒன்றிலும் புகையில்லை. பதினாறாவது ரொட்டிக்கடைக்குப் போனது. ரொட்டிக்காரம்மா புகழ்கிறாள் என்றால் அதுவும் நல்ல பாட்டில்தான். ஆக, அந்த இரண்டும் அலமாரியில் மிச்சமிருக்கும் மூன்றுக்குள் இருக்கின்றன என்பது அவள் கணக்கு.

“நாலு மணி ஆயிடுச்சு,” என்றார் தபால்காரர், வாயில் நாலு பெர்ரியோடு.

“பழத்துல கை வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்றாள் பெரியவள்.

“நசுங்கினதைத்தான் எடுத்தேன்.”

“நீங்க எடுத்தப்புறம்தான் நசுங்குது.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ரொட்டிக்காரம்மா முழங்கையில் மாவும், கையில் துணி சுற்றின பாட்டிலுமாக உள்ளே வந்தாள். ஆள் பெரிய ஆள். சமையலறை சட்டென்று சின்னதாகிவிட்டது.

“மன்னிச்சுக்கங்க, அடுப்பை அணைச்சுட்டு அப்படியே வந்துட்டேன். யாருங்க அது? ரெண்டு பேர்ல யாரு?”

“நான்தான்,” என்றாள் பெரியவள்.

“நான்தாங்க,” என்றாள் சின்னவள்.

தபால்காரர் கூரையைப் பார்த்தார்.

“சேர்ந்து செய்வீங்களா?”

“இல்ல,” என்றார்கள் இருவரும்.

ரொட்டிக்காரம்மா சிரித்துக்கொண்டே பாட்டிலைத் திறந்தாள். அடியில் இரண்டு கரண்டி மிச்சம் இருந்தது. “இத்தனை வருஷமா நான் ஊர்ப்பட்ட ஜாம், சாஸ் எல்லாம் வாங்கிப் பார்த்துட்டேன். இனிப்பு வரும், புளிப்பு வரும், போயிடும். இதுல எல்லாம் போனப்புறம் தொண்டைகிட்ட ஒரு புகை வந்து நிக்குது பாருங்க. லேசா. இருக்கா இல்லையான்னு தேடவைக்குது. அதுக்காகத்தான் ஜனங்க இன்னொரு துண்டு கேக்குறாங்க. அதை எப்படிக் கொண்டு வர்றீங்க?”

சின்னவளின் கையிலிருந்து காம்பு நழுவிக் கீழே விழுந்தது.

“அதுவா?” என்றாள் பெரியவள், ஒரு மூச்சு விடாமல். “அது என் கைப்பக்குவம்.”

“எப்படிங்க?” என்றாள் ரொட்டிக்காரம்மா.

“அது... அடுப்பு விஷயம். விறகு—”

“விறகடுப்பா வச்சிருக்கீங்க?”

எல்லோரும் அடுப்பைப் பார்த்தார்கள். கேஸ் அடுப்பு பளபளவென்று நின்றது.

“கேஸுதான்,” என்றாள் பெரியவள். “ஆனா நான் கிண்டும்போது மனசுல விறகடுப்புன்னே நினைச்சுக்குவேன்.”

தபால்காரருக்குப் பெர்ரி புரையேறியது. சின்னவள் அவர் முதுகில் தட்டினாள். தட்டும்போதே உள்ளே ஒரு தராசு ஏறி இறங்கிற்று. சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அடிப்பிடிக்க விட்டது, மறைத்தது, இஸ்திரிப்பெட்டி. இந்த அக்கா ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். சொல்லாவிட்டால் ‘டெய்லரம்மா’ என்று இன்னொரு பலகை ஏறும். அதற்கும் பாட்டில் வேகவைத்துக் கொடுப்பது தான்தான்.

“ஒரு சொட்டு கொடுங்க,” என்றாள்.

ரொட்டிக்காரம்மா கரண்டியை நீட்டினாள். சின்னவள் நாக்கில் வைத்தாள். வருஷம் பூரா பயந்து பயந்து, ஒருதரம்கூட வாயில் வைக்காத பண்டம். இனிப்பு, புளிப்பு, இரண்டும் ஒதுங்கின பிறகு, கதவுக்குப் பின்னால் நின்றவன் மெல்ல எட்டிப் பார்க்கிறமாதிரி அந்தப் புகை. இதையா அலமாரிக்குள் ஒளித்துவைக்க நினைத்தாள்?

“இது அடிப்பிடிச்சது,” என்றாள்.

“என்னது?”

“பானை அடிப்பிடிச்சுதுங்க. நான்தான் விட்டேன். என் பானை. இது என் பாட்டில்.”

பெரியவள் இடுப்பில் கையை வைத்தாள். “ஏன்டி, பேர் கிடைக்குதுன்னா எதை வேணா சொல்வியா? அடிப்பிடிக்க விட்டேன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்ற முதல் பொம்பளை நீதான்!”

“நிஜமாக்கா.”

“பொய். என் வீட்டுல, என் மூக்குக்குத் தெரியாம ஒரு பானை அடிப்பிடிக்குமா? ஊசி தீஞ்சாக்கூட எனக்குத் தெரியும்.”

“உங்க மூக்குக்குத் தெரிஞ்சுதுக்கா. என்னடி தீயுதுன்னு கேட்டீங்க. நான்தான் உங்க இஸ்திரிப்பெட்டியைப் பாருங்கன்னு சொன்னேன்.”

பெரியவளின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

“அந்தக் கோட்டு...” என்றாள் மெதுவாக.

“ஆமாக்கா.”

“அன்னைக்கு நான் இஸ்திரி போட்ட அந்த வாத்தியார் கோட்டு. ரெண்டு தடவை உள்துணியைப் பிரிச்சுப் பார்த்தேன்டி. எங்கே தீஞ்சுதுன்னு விளக்கைப் பிடிச்சுப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியாம, அவர்கிட்டே மன்னிப்பு வேற கேட்டேன். ஒண்ணுமே ஆகாத கோட்டுக்கு மன்னிப்பு! அந்த மனுஷன் இன்னைக்கு வரைக்கும் தெருவுல போகும்போது தோளை மோந்து பார்த்துட்டே போறார்!”

தபால்காரர் தாங்கமுடியாமல் புறங்கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

“தப்புதான்க்கா. நானே போய் அவர்கிட்டே சொல்றேன். நாளைக்கே சொல்றேன்.”

“சொல்லு. தெருமுனையில நின்னு சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்.” பெரியவளுக்கு மூக்கு விடைத்தது. ஆனால் அடுத்த நொடியே வக்கீலாகிவிட்டாள். “அது உண்மைன்னே இருக்கட்டும். அந்தப் பாட்டில்தான் இதுன்னு என்ன அத்தாட்சி? என் பத்துல ஒண்ணா ஏன் இருக்கக் கூடாது?”

“அலமாரியில மூணு இருக்கே, திறந்து பார்த்துடலாமே,” என்றார் தபால்காரர். “ஒண்ணுல புகை இருந்தாலும்—”

“மூடியைத் தொடாதீங்க மாமா,” என்றாள் சின்னவள். “ஒரு வருஷம் காத்து புகாம நிக்குது. வாய்ச்சண்டைக்காகத் திறக்க விடமாட்டேன்.”

ரொட்டிக்காரம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். “நான் ஒண்ணு கேக்குறேன். பலகையில பேர் எழுதறது இந்த ஒரு பாட்டிலுக்காக இல்ல. இனிமே வர்றதுக்காக. இதோ பழம் இருக்கு, அடுப்பு இருக்கு. மறுபடி யாரால இது வருமோ, அவங்க பேரு. சரியா?”

“செய்யட்டும்,” என்றாள் பெரியவள், நாற்காலியை இழுத்துப் போட்டு. “தெரியாம வந்தது தெரிஞ்சு வருமான்னு நானும் பார்க்கிறேன்.”

அந்த வார்த்தை சின்னவளுக்குச் சுருக்கென்றது. அவளுக்கும் அதே பயம்தான். கொஞ்சம் தவறினாலும் கசந்துவிடும். பாதிநாள் பறித்த பழம் பாழ், பலகை பாழ், இனி இந்தச் சமையலறையில் வாய் திறக்க முடியாது. கையைக் கழுவிக்கொண்டு போன வருஷத்து அதே அடிகனத்த பாத்திரத்தை எடுத்தாள்.

பழத்தைக் கொட்டினாள். சாறு கெட்டிப்பட ஒரு கைப்பிடி அரைப்பழம், அடி நனைய ஒரு கரண்டி தண்ணீர். சூடேற ஏறப் பழங்கள் ஒவ்வொன்றாக உடைந்து, அடுப்பங்கரை முழுக்கக் கருஞ்சிவப்பு வாசம் பரவியது. மேலே திரண்ட நுரையை வழித்தாள். குழைந்ததும் துணியில் வடிகட்ட வேண்டும். ஒற்றை ஆளாய்த் துணியையும் பாத்திரத்தையும் பிடிக்க அவள் திணறுவதைப் பார்த்துக்கொண்டு பெரியவள் அசையாமல் இருந்தாள். அப்புறம் “கோணலா பிடிக்கிறே, கொட்டப் போகுது” என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்துவந்து துணியின் இரண்டு முனையைப் பிடித்தாள். நல்ல மெல்லிய துணி; அவளே ஓரம் தைத்துக் கொடுத்தது. விதையெல்லாம் மேலே தங்கிற்று, கீழே பட்டுபோல் இறங்கிற்று. பிழிந்து முடித்ததும் மறுபடி போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், தான் உதவி செய்யவே இல்லை என்பதுபோல.

சின்னவள் சர்க்கரையைப் போட்டுக் கரைய விட்டாள். கொதி வந்தது. தீயைக் குறைத்தாள். கரண்டியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டாள்.

“கிண்டுடி,” என்றாள் பெரியவள்.

“கிண்டக் கூடாது.”

“அடிப்பிடிக்கும்டி!”

“அதுக்குத்தானே விடறேன்!”

பெரியவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முப்பது வருஷமாக எந்தப் பானையையும் கிண்டாமல் விட்டதில்லை அவள். விரல்கள் மடியில் தாமாகவே கிண்டிக்கொண்டிருந்தன.

“அன்னைக்கு எவ்வளவு நேரம் விட்டீங்க?” என்று கேட்டாள் ரொட்டிக்காரம்மா.

“தெரியலைங்க. கடிகாரம் பார்க்கலை. ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. மாடிப்படியில நின்னாத்தான் சிக்னல் கிடைக்கும்னு படிக்குப் போனேன். பேசிட்டு வந்தேன்.”

“அப்ப எப்படித் தெரியும்?”

சின்னவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. “பேசினது ஞாபகம் இருக்குங்க. அதையே பேசிப் பார்க்கிறேன்.”

பாத்திரத்தின் முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அன்றைக்குப் பேசினதை வரி பிசகாமல் பேசத் தொடங்கினாள்.

“ஹலோ... ஆமா, நான்தான் சொல்லுங்க. சாவியா? மேஜையில மூணாவது டிராயர். மூணாவது... மேலேர்ந்து... கீழேர்ந்து எண்ணாதீங்க டாக்டர், மேலேர்ந்து எண்ணுங்க... இல்லையா? பஞ்சு டப்பாவுக்குப் பின்னாடி பாருங்க. பெரிய டப்பா இல்ல, சின்னது...”

“இது என்ன, குறி சொல்றவ மாதிரி?” என்றாள் பெரியவள்.

“ஷ்,” என்றாள் ரொட்டிக்காரம்மா.

“...சரி, நர்ஸைக் கூப்பிடுங்க. இருக்கேன், இருக்கேன்...” அன்றைக்கு நர்ஸ் வரும்வரை காத்திருந்தாள். இன்றும் காத்திருந்தாள். பாத்திரத்தில் சளசளவென்ற சின்னக் கொதி மாறி, கனமாக, ‘தப்... தப்...’ என்று குமிழி வெடித்தது. “...ஆமாம்மா, பஞ்சு டப்பா. கிடைச்சுதா? அட, உங்க பாக்கெட்லயேவா! சரி, வைக்கிறேன்.”

கண்ணைத் திறந்தாள். அதே நொடியில் வாசம் வந்தது. ஒரே ஒரு நூல். சட்டென்று தீயை அணைத்து, அடியைத் தொடாமல், மேலாக இருந்ததை வேறு பாத்திரத்தில் சாய்த்தாள். அடியில் மிச்சமிருந்ததைக் கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஆறவைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ரொட்டிக்காரம்மாவிடம் நீட்டினாள்.

ரொட்டிக்காரம்மா விரலால் வழித்து வாயில் வைத்தாள். விழுங்கினாள். பெரியவள் கழுத்தை நீட்டினாள். தபால்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

“வந்துடுச்சு,” என்றாள் ரொட்டிக்காரம்மா, தொண்டையைத் தொட்டுக்காட்டி. “இங்கே. அதே இடம்.”

தட்டு கைமாறியது. தபால்காரர் வழித்தார், “என்னத்தச் சொல்ல!” என்றார். பெரியவள் வாங்கினாள். இரண்டு தரம் நக்கிப் பார்த்தாள். குறை கண்டுபிடிக்கத்தான் பார்க்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றாம் தரமும் நக்கினாள்.

“சர்க்கரை ஒரு இம்மி கூட,” என்றாள்.

“அவ்வளவுதானேக்கா?”

“அவ்வளவுதான்,” என்றாள், தட்டைத் துளி விடாமல் வழித்துவிட்டு.

ரொட்டிக்காரம்மா இடுப்பிலிருந்து பேனாவை எடுத்தாள். “பேர் சொல்லுங்க. பலகைக்காரன்கிட்டே இன்னைக்கே கொடுத்துடறேன்.”

சின்னவள் தன் பெயரைச் சொன்னாள். முழுப்பெயரை, அப்பா வைத்தபடியே, இனிஷியலோடு சேர்த்துச் சொன்னாள். தன் வாயால் தன் பெயரைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தோன்றியது. ரொட்டிக்காரம்மா எழுதி, திருப்பிப் படித்துக் காட்டினாள். சரியாக இருந்தது. தபால்காரர் எட்டிப் பார்த்து, “இந்த விலாசம் எனக்கு நல்லாத் தெரியும், மாடிதான்” என்றார்.

ரொட்டிக்காரம்மா போன பிறகும் மேஜையில் பாதிப் பழம் மிச்சமிருந்தது. பெரிய அண்டாவில் தண்ணீர் ஏற்றிவிட்டுச் சின்னவள் பாட்டில்களை அடுக்கினாள். இந்தத் தடவை லேபிள் எல்லாம் ஜன்னலோரம் காத்திருந்தது. மூடி ‘டிக்’ சொன்ன பிறகுதான் ஒட்டுவது. முதல் பாட்டிலை நிரப்பினாள், கழுத்தளவு பார்த்தாள், வாயைத் துடைத்தாள். முதுகுக்குப் பின்னால் பாத்திரம் அடுப்பில் ஏறும் சத்தம் கேட்டது. பழம் கொட்டும் சத்தம். நெடுநேரம் கழித்து, துணி பிழியும் சத்தம். அப்புறம் சர்க்கரை, வடிகட்டினதற்கு அப்புறம்தான்.

திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்க்கவில்லை. எதிரே கழுவித் துடைத்த அண்டாவின் பக்கவாட்டுப் பளபளப்பில் கோணலாகத் தெரிந்தாள் பெரியவள். தீயைக் குறைத்துவிட்டு, கரண்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, எங்கே கை தன்னால் போய்க் கிண்டிவிடுமோ என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டுச் சமையலறையில் அவள் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

சின்னவள் அடுத்த பாட்டிலின் வாயைத் துடைத்தாள். சுத்தமாக இருந்ததை மறுபடியும் துடைத்தாள்.

“ஏன்டி,” என்றாள் பெரியவள், பாத்திரத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், “இன்னும் எவ்வளவு நேரம் விடணும்?”